பாலக்காட்டு வெயிலில் ஆர்டிஎக்ஸ் 5090: பொருத்தியதும் அளந்ததும்

ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியா நிறுவனம் இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய். பால் சொசைட்டிகள் நிறைந்த எங்கள் சித்தூர் தாலுக்காவில் இந்தப் பணத்துக்கு நல்ல கறவை மாடு இரண்டு பிடித்துவரலாம். இவ்வளவு பணத்தை ஒரு கார்டில் போடுகிறவர் அது தன் வேலைக்கு எதைத் தரும் என்று தெரிந்து போட வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் கணினி பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். இந்தக் கோடையில் அந்தக் கார்டைக் கையில் வாங்கிப் பொருத்தி, ஓட்டி, அளந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

கார்டு என்னுடையது அல்ல. வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு தம்பி, கட்டடப் பொறியாளர்களுக்காக முப்பரிமாணக் காட்சிகள் செய்துகொடுக்கிறார். வீடு கட்டும் முன்பே அதன் உள்ளே நடந்துபோவதுபோல் காட்டும் படங்கள் அவை. கோயம்புத்தூரில் சொல்லிவைத்துக் காத்திருந்து, அறிவித்த விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்துக் கார்டை வாங்கிவிட்டு, "அண்ணா, மற்ற எல்லாவற்றையும் நீங்களே பார்த்துப் போட்டுக்கொடுங்கள்" என்று பெட்டியை மேசைமேல் வைத்தார். செய்தி எப்படியோ பரவி, எங்கள் ஊரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்தும் அண்ணன் ஒருவரும் வந்துவிட்டார். பொள்ளாச்சியில் தொழில் செய்யும் இன்னொருவர் 5090 வாங்கியிருக்கிறாராம்; தனக்கும் அதுவே வேண்டும் என்றார். "அவசரப்படாதீர்கள் அண்ணா, உங்கள் வீடியோக்களை ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்" என்றேன். வேறொருவர் கணினிக்காக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ ஒன்றும் அப்போது கடையில் இருந்தது. உடைமைக்காரர்கள் இருவரிடமும் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

முதலில் கார்டின் உள்விவரம். 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகஸில் ஜென்சன் ஹுவாங் இதை அறிமுகப்படுத்தினார். ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்தது. 21,760 குடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 32 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், 512 பிட் பாதை, விநாடிக்கு 1,792 ஜிபி தரவுப் போக்குவரத்து. 2022 அக்டோபரில் வந்த முந்தைய 4090-இல் 16,384 கோர்கள், 24 ஜிபி, விநாடிக்கு 1,008 ஜிபி. கோர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கின்றன. தரவு வேகம் முக்கால் மடங்குக்குமேல் கூடியிருக்கிறது. ஆனால் மின்சாரமும் 450 வாட்டிலிருந்து 575 வாட்டுக்கு ஏறியிருக்கிறது. காரணம் எளிது. இரண்டு சிப்களும் தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் அதே 4 நானோமீட்டர் வகைச் செய்முறையில் உருவானவை. செய்முறை மாறாதபோது வேகத்தைக் கூட்ட முக்கியமான வழி சிப்பைப் பெரிதாக்குவதுதான். 609 சதுர மில்லிமீட்டராக இருந்தது 750 ஆனது. 7,630 கோடி டிரான்சிஸ்டர்கள் 9,220 கோடி ஆயின. கூடிய வேகத்தின் பெரும்பகுதிக்கு நாம் மின்சாரத்தாலும் சூட்டாலும் விலை கொடுக்கிறோம். 4கே விளையாட்டுகளில் 4090-ஐவிடக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வேகம் கூடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும் முன் தம்பியின் வீட்டுக்குப் போய் அறையைப் பார்த்தேன். இவ்வளவு மின்சாரம் இழுக்கும் கணினியை எந்தச் சுவரில் செருகப்போகிறோம் என்று பார்க்காமல் பொருத்துவது சரியல்ல. மாடியில் மொட்டைத் தளத்துக்கு நேர் கீழே மேற்குப் பார்த்த அறை. ஒரு டன் ஏசி இருக்கிறது. மேசைக்குப் பின்னால் ஆறு ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் அதிலிருந்து நீளும் எக்ஸ்டென்ஷன் போர்டும் இருந்தன. மல்டிமீட்டரை வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230-ஐ ஒட்டிய அளவு சரியாகக் காட்டியது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். காட்டவில்லை, முள் நிலையில்லாமல் எங்கோ கீழே அலைந்தது. எர்த் இணைப்பே இல்லை என்பதற்கு அது அடையாளம். மெயினை நிறுத்திவிட்டு சுவிட்ச் பலகையைக் கழற்றினோம். பச்சை வயர் துளைக்குள் மடக்கி டேப் சுற்றி விடப்பட்டிருந்தது. எர்த் இல்லாத இடத்தில் கணினி ஓடும். கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனி சுரீர் என்னும். ஆனால் உள்ளே கசிவு ஏற்பட்டால் மின்சாரம் போக வேறு வழியில்லாமல், தொடுகிற ஆளின் உடல் வழியாகத்தான் போகும். கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் இஎல்சிபி அப்போதுதான் அறுத்துவிடும். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, எர்த்தைச் சேர்த்து, மெயின் போர்டிலிருந்து நேரே தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்த பிறகுதான் மேற்கொண்டு போனேன். முழுச் சுமையில் இந்தக் கணினி இழுப்பது நான்கு ஆம்பியருக்குள்தான், ஆறு ஆம்பியர் பாயிண்ட்டே தாங்கும். ஆனால் அதே பாயிண்ட்டில் எக்ஸ்டென்ஷன் போர்டு, மானிட்டர்கள், கூடவே ஒரு டேபிள் ஃபேன் என்று சேரும்போது, மணிக்கணக்காக ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடும் இடத்தில் தளர்ந்த பின் ஒன்று போதும் கருகுவதற்கு.

தம்பியின் அம்மாவுக்கு வேறு கவலை. "ஏன் தம்பி, இந்தப் பெட்டி ஓடினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேரளத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் படிகள் போய், எல்லா யூனிட்டுக்கும் சேர்த்து ஒரே உயர்ந்த கட்டணம். எல்லையில் நிற்கும் வீட்டுக்குப் பத்து யூனிட்கூடப் பெரிய வித்தியாசம் செய்யும். முழு அளவில் விட்டால் சுவரிலிருந்து ஏறக்குறைய 850 வாட் இழுக்கும்; தினம் ஆறு மணி நேரம் ரெண்டர் என்றால் மாதத்துக்கு 150 யூனிட். ஏசி தனி. அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். இதைக் குறைக்க வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் பிறகு சொல்கிறேன்.

பவர் சப்ளைக்கு என்விடியா சொல்வது குறைந்தது 1000 வாட். நான் போட்டது ஏடிஎக்ஸ் 3.1 தரத்தில் 1200 வாட். எண்ணைவிடத் தரம் முக்கியம். இப்படிப்பட்ட கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வழக்கமான அளவைவிட மிக அதிக மின்சாரத்தை இழுத்துவிட்டுத் தணியும். அந்தத் திடீர் இழுப்பைத் தாங்கும்படி வடிவமைத்தவைதான் ஏடிஎக்ஸ் 3.0, 3.1 பவர் சப்ளைகள். பழைய 1000 வாட் பெட்டி வீட்டில் இருக்கிறதே என்று போட்டால், ரெண்டர் நடுவில் கணினி அணைந்து அணைந்து எழக்கூடும். காரணம் தெரியாமல் ரேமையும் மதர்போர்டையும் மாற்றிக்கொண்டிருப்போம். எங்கள் பக்கம் சாயங்காலம் மின்னழுத்தம் சரிவது வழக்கம் என்பதால், சைன் அலை தரும் 2 கேவிஏ யூபிஎஸ் ஒன்றையும் சேர்த்தேன். ஒரு கேவிஏ யூபிஎஸ்களில் பெரும்பாலானவை 600 வாட் அளவில் நின்றுவிடும். இந்தக் கணினிக்கு அவை உதவாது.

கார்டைக் கையில் எடுத்தால் கனம் தெரிகிறது. என்விடியாவின் சொந்த வடிவம் இரண்டு ஸ்லாட் தடிமனில் அடங்கும். நம் கடைகளில் கிடைக்கும் பிற நிறுவன வடிவங்கள் மூன்று மூன்றரை ஸ்லாட்டை அடைத்துக்கொண்டு, 33 சென்டிமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. முன்பக்கம் ரேடியேட்டர் வைத்திருந்த கேபினெட்டில் அது உட்காரவில்லை. வேறு கேபினெட் எடுத்தோம். கார்டின் கடைக்கோடிக்குக் கீழே உலோகத் தாங்கி ஒன்றை நிறுத்தினேன். இதைத் தவிர்க்கக் கூடாது. இவ்வளவு கனம் ஸ்லாட்டில் மட்டும் தொங்கினால் நாளடைவில் பலகை வளையும். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் ரோட்டில் கணினியை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தால் நாளடைவு வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இனி அந்தப் பதினாறு பின் இணைப்பு. இதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயத்தில் நியாயமும் இருக்கிறது. 2022-இல் 4090 வந்தபோது இதன் முந்தைய வடிவம் சில கணினிகளில் உருகியது. செருகி முழுவதும் உள்ளே போகாததுதான் பெரும்பாலும் காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு தரத்தைத் திருத்தி 12வி-2x6 என்று மாற்றினார்கள். மின்சாரம் போகும் பின்களைச் சற்று நீட்டி, உணரும் சிறு பின்களைக் குட்டையாக்கினார்கள். செருகி முழுக்க உட்காரவில்லை என்றால் கார்டு மின்சாரம் இழுக்கவே தொடங்காது. நல்ல திருத்தம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 575 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 48 ஆம்பியர். அது ஆறு வயர்களில் சமமாகப் பிரிந்தால் வயருக்கு எட்டு ஆம்பியர். பின்னுக்கு அனுமதித்த அளவோ ஒன்பது ஆம்பியரைச் சற்றே தாண்டியது. இடைவெளி மிகக் குறைவு. அதோடு, கார்டுக்குள் போனதும் ஆறு வயர்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்த வயரில் எவ்வளவு போகிறது என்று பெரும்பாலான 5090 கார்டுகளுக்குத் தெரியாது. 3090 டிஐ கார்டில் வயர்களை இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனியே கவனிக்கும் ஏற்பாடு இருந்தது. இரண்டு லட்ச ரூபாய்க் கார்டில் அது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2025 பிப்ரவரியில் டெர்பவுர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் அளந்து காட்டியபோது ஒரே வயரில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது.

அதனால் நானும் அளந்தேன். இதற்கு நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிளாம்ப் மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், இதில் சுழியே காட்டும். பவர் சப்ளையோடு வந்த கேபிளையே பயன்படுத்தினேன். அடாப்டர் எதையும் நடுவில் சேர்க்கவில்லை. செருகியை அழுத்தினால் க்ளிக் ஓசை மெல்லியதாகத்தான் கேட்கும். காதை நம்பாமல் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் இடுக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். செருகியிலிருந்து மூன்றரை சென்டிமீட்டராவது கேபிள் நேராக வந்த பிறகே வளையலாம். ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஓடவிட்டு, கேபிள் உறையை பவர் சப்ளைப் பக்கம் சற்று விலக்கி, ஒவ்வொரு 12 வோல்ட் வயரையும் தனியாகக் கிளாம்ப்பின் வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். ஏழு ஆம்பியரில் ஒன்று, மற்றவை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில். சமமாகப் பிரிகிறது. அரை மணி நேரம் கழித்து வெப்பமானியை இரு முனைகளிலும் வைத்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஏதாவது ஒரு வயர் ஐந்தும் இன்னொன்று பன்னிரண்டும் காட்டியிருந்தால் கேபிளை மாற்றாமல் கணினியை ஒப்படைத்திருக்க மாட்டேன். இந்த வகைச் செருகி முப்பது முறை போட்டு எடுப்பதற்கே உத்தரவாதம் கொண்டது. சோதிக்கிறேன் என்று சும்மாச் சும்மாக் கழற்றி மாட்டுவதும் கெடுதல்தான்.

வாங்கியவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளைக் கடைசியாக எழுதும் அலகுகள்) என்ற இடத்தில் 176 என்று காட்ட வேண்டும். தயாரிப்புக் குறையால் சில கார்டுகள் 168 உடன் வெளியேறின. அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில் அந்தக் குறை இருக்கிறது, சராசரியாக 4 சதவீத வேகம் குறையும், மாற்றித் தருகிறோம் என்று என்விடியா ஒப்புக்கொண்டது. தம்பியின் கார்டில் 176 இருந்தது.

கார்டு ஓடிவிட்டது. இப்போது சூடு. இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் 22, 25 டிகிரி அறையில் எடுத்த அளவுகள் நம் ஊருக்குப் பொருந்துவதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறோம். பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஏசி போடாமல் மதியம் மூன்று மணிக்கு அந்த மாடி அறையில் 36 டிகிரி. அறை பத்து டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். முழு 575 வாட்டில் ரெண்டரை விட்டபோது சிப் எண்பதை எட்டியது, நினைவகம் தொண்ணூறைத் தாண்டியது. அந்த நிலையில் கார்டு கெட்டுவிடாது, ஆனால் மின்விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியவில்லை. அரை மணி நேரத்தில் அறையும் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிட்டது. கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய 3,500 வாட் வெப்பம். அதில் கால் பங்கை இந்தக் கணினி ஒன்றே தின்றுவிடுகிறது. மேலே வெயிலில் காயும் கான்கிரீட், உள்ளே இரண்டு ஆள்; மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

தம்பியின் அம்மாவிடம் சொன்ன வழி இதுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு, அதாவது 460 வாட்டுக்கு இறக்கினேன். முன்பு பத்து நிமிடம் எடுத்த அதே ரெண்டர் அரை நிமிடம் கூடுதலாக எடுத்தது. மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வேகத்தில் இருபதில் ஒரு பங்கையே இழந்தோம். சிப் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்தது, இரைச்சல் அடங்கியது. வயருக்கு ஆறரை ஆம்பியர் என்று இறங்கியதால் அந்தச் செருகிக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. இன்னும் கீழே 70 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் பத்து நிமிட வேலைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. கடும் கோடை மதியத்துக்கு அதுவும் பரவாயில்லை. என் கருத்தைத் திட்டமாகச் சொல்கிறேன்: நம் பக்கத்து வெயிலில் இந்தக் கார்டை 575 வாட்டில் விடத் தேவையே இல்லை. கடைசி நூறு வாட் விளம்பரத்தின் வரைபடங்களுக்காகச் சேர்க்கப்பட்டது. மாதத்துக்கு இருபது யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்றதும் அந்த அம்மாவுக்கும் நிம்மதி.

தூசியையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்று ஜன்னலை மூடினாலும் நுண்மண்ணைக் கொண்டுவந்து தள்ளும். முன்பக்கம் வலை உள்ள கேபினெட் கட்டாயம். உள்ளே தள்ளும் மின்விசிறிகள் வெளியே இழுப்பவற்றைவிட அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும்.

இப்போது வேலை. தம்பி பொள்ளாச்சி ரோட்டில் வரப்போகும் ஒரு கல்யாண மண்டபத்தின் காட்சியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வைத்திருந்தார். சுற்றிலும் தென்னந்தோப்பு, முகப்பில் செதுக்கிய கல் தூண்கள், பளிங்குத் தரை. கல்லின் புள்ளிகள் அருகில் போனாலும் தெரிய வேண்டும் என்று 8கே படங்களைத் தூண்களின்மேல் போர்த்தியிருந்தார். 8,192 புள்ளி அகலம், 8,192 புள்ளி உயரம், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கே 256 எம்பி. நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று ஒரு கல்லுக்கே முக்கால் ஜிபி போய்விடும். மொத்தக் காட்சியும் கார்டின் நினைவகத்தில் 22 ஜிபி பிடித்தது. 5090-இல் தாராளமாக அடங்கியது. அதே காட்சியை 16 ஜிபி உள்ள 5070 டிஐயில் ஓட்டினேன். அடங்காத பகுதியைக் கணினியின் ரேமில் வைத்துக்கொண்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக எட்டி எட்டி எடுத்தது. கார்டின் சொந்த நினைவகம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி கொடுக்கும்; பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 பாதை கொடுப்பது அதிகபட்சம் 64 ஜிபியை ஒட்டித்தான். ரெண்டர் நேரம் ஐந்து மடங்குக்கும் மேலே போனது. சரி, இது கோர்களின் எண்ணிக்கையால் வந்த வேறுபாடா, நினைவகத்தால் வந்ததா? அதைப் பிரித்தறிய, தூண்களும் தோப்பும் இல்லாத ஒரு சின்ன வரவேற்பறைக் காட்சியை இரண்டிலும் ஓட்டினேன். அங்கே இரண்டு மடங்குதான் வித்தியாசம். ஆக மண்டபக் காட்சியில் 5090 வென்றது முதலில் 32 ஜிபியால், அப்புறம்தான் கோர்களால். தம்பியின் வேலைக்கு இந்தக் கார்டு தகும். ஒரு காட்சியைத் துண்டு துண்டாக உடைத்து ரெண்டர் செய்து ஒட்டவைக்கும் பாடு அவருக்கு இனி இல்லை.

ஸ்டுடியோ அண்ணனின் கதை வேறு. அவருடைய சோனி கேமராக்கள் 4கே வீடியோவை 10 பிட் 4:2:2 முறையில் பதிகின்றன. சாதாரண 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல்தான் இருக்கும், 4:2:2-இல் இரண்டு. கொங்குக் கல்யாணத்தின் சிவப்புக் கூறைப் பட்டில் ஜரிகை ஓரம் எங்கே முடிகிறது, பாலக்காட்டுக் கல்யாணத்தின் வெள்ளை முண்டில் கசவின் பொன் கோடு எங்கே தொடங்குகிறது என்பது பிசிறில்லாமல் நிற்க அது வேண்டும். நிறம் திருத்தும்போது அந்தக் கூடுதல் தகவல்தான் கைகொடுக்கும். ஆனால் இந்த வகை வீடியோவை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் வசதி முந்தைய ஜீஃபோர்ஸ் கார்டுகளில் இல்லை. 4090-இலும் இல்லை. அண்ணனின் பழைய கணினியில் எல்லாச் சுமையும் பிராசசரின் தலையில் விழுந்து, டைம்லைன் திக்கித் திக்கி நகரும். அதனால் ராத்திரி முழுக்க பிராக்ஸி கோப்புகளை, அதாவது எடிட்டிங்குக்கு மட்டுமான இலகுவான பிரதிகளை, உருவாக்கிவிட்டு மறுநாள் எடிட்டிங் தொடங்குவார்.

50 வரிசைக் கார்டுகளில் 4:2:2 வசதி வந்துவிட்டது. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் 20-ஆம் பதிப்பில் அவருடைய முகூர்த்தக் காட்சியைத் திறந்தேன். மூன்று கேமராவையும் ஒரே நேரத்தில் டைம்லைனில் அடுக்கி, கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்தார். எங்கும் தயங்கவில்லை. "இதுதான் எனக்கு வேண்டும், பேசி முடித்துவிடுங்கள் தம்பி" என்றார். "அண்ணா, இப்போது ஓடுவது 5090 அல்ல, 5070 டிஐ" என்று காட்டினேன். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு 5090-ஐ மாட்டி அதே காட்சியை ஓட்டினேன். வெட்டி ஒட்டுவதிலும் நிறம் திருத்துவதிலும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் எடுத்த வரவேற்புக் காட்சிக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டபோது 5090 முந்தியது. முழு வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வதிலும் முந்தியது. வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர்கள் 5090-இல் மூன்று, 5070 டிஐயில் இரண்டு. ஆனால் எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு அவர் சாப்பிடத்தான் போகிறார்.

இந்தக் கார்டின் சிறப்புகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றது இங்கேதான். 4:2:2 வசதி, விளையாட்டுகளை வழவழப்பாக்கும் டிஎல்எஸ்எஸ் 4, மானிட்டர் இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 2.1 எல்லாம் 50 வரிசைத் தலைமுறை முழுவதற்கும் சொந்தம். 2025-இல் இந்தியாவில் 80,000 ரூபாய்த் தொடக்க விலையில் அறிமுகமான 5070 டிஐயிலும் உண்டு. 5090-க்கு மட்டும் சொந்தமானவை 32 ஜிபி நினைவகம், அகன்ற பாதை, அந்த 21,760 கோர்கள், மூன்றாவது என்கோடர். அறிவித்த விலைகளுக்கு இடையிலுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை இவற்றுக்காக மட்டுமே கொடுக்கிறோம். காட்சி 16 ஜிபியில் அடங்காத முப்பரிமாண வேலைக்காரர், பெரிய மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுகிறவர், மணிக்கணக்கில் ரெண்டர் ஓட்டிப் பணம் பண்ணுகிறவர், இவர்கள் கொடுக்கலாம்.

விளையாட்டுக்காகக் கேட்கும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. வரைந்த ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம்களை உருவாக்கி நடுவில் சேர்க்கும் உத்தி டிஎல்எஸ்எஸ் 4-இல் வந்திருக்கிறது. 549 டாலர் விலை அறிவித்த 5070 கார்டு பழைய 4090 கார்டுக்கு ஈடு என்று அறிமுக மேடையில் சொன்னது அந்த உத்தியைச் சேர்த்துக்கொண்டுதான். காட்சி வழவழவென்று ஓடும், ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியது விளையாட்டுக்குப் போய்ச்சேரும் வேகம் அதனால் கூடாது. அடிப்படை ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக இருந்தால் மட்டுமே அது அழகு. 1440 பிக்சல் மானிட்டரை வைத்துக்கொண்டு 5090 கேட்டு வந்தவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் ஒரு நாள் யோசித்தார். பொள்ளாச்சிக்காரர் பேச்சு இன்னும் மனதில் இருந்தது. "கல்யாண வீட்டார் உங்களிடம் என்ன கார்டு என்று கேட்பதில்லை அண்ணா. ஆல்பமும் வீடியோவும் சொன்ன தேதிக்கு வந்ததா, பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் கோப்பு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்" என்றேன். அவரிடம் எல்லாக் கல்யாணமும் ஒரே ஹார்டு டிஸ்கில், மறு பிரதி இல்லாமல் கிடந்தது எனக்குத் தெரியும். 300 வாட் கார்டான 5070 டிஐ, அதற்கு 850 வாட் பவர் சப்ளை, எடிட்டிங்குக்கு வேகமான எஸ்எஸ்டி, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதியும்படி இரண்டு பெரிய ஹார்டு டிஸ்குகள், மூன்றாவது பிரதிக்கு வீட்டில் வைக்கும் தனி டிஸ்க். எல்லாம் சேர்ந்தும் 5090 கார்டின் விலைக்குள் அடங்கியது. ஆவணிக் கல்யாணங்களுக்கு முன் பொருத்திக்கொடுப்பதாகப் பேச்சு.

தம்பியின் கணினி 460 வாட் வரம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. மண்டபத்தின் வீடியோ பொறியாளருக்குப் போய்விட்டது. மழை தொடங்கி அறை குளிர்ந்ததும் வரம்பை ஏற்றலாமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கிழக்குக் காற்று காலம் முடிந்ததும் வலையைக் கழுவி, ஆறு வயர்களையும் செருகியைக் கழற்றாமல் மறுபடி அளந்து பார்ப்பேன். முன்பு ஏழு காட்டிய வயருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி கூடியிருந்தால் கேபிளை மாற்றிவிடுவேன்.